தண்ணிச் சட்டத்துக்கு எதிரா ஒரு கை

சிவநந்தினி சபையில கை தூக்கினதுக்கு அவள மட்டும் பேசுறவங்க யாரும் என் முன்னுக்கு வந்து நிக்கக் கூடாது. நான் தங்கம்மா. மேமலை டிவிசன்ல புள்ளக் காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்களோட கைப்புள்ளைங்கள இருபத்திரெண்டு வருசமா பாத்துக்கிறவ. எனக்கு வாய் நீளம்னு தோட்டத்துக்கே தெரியும். அன்னைக்கு அவ கை மேல போனதுல என் வாய்க்கும் பங்கிருக்கு. அதனால வேற யாரும் கண்ணு மூக்கு காது வச்சுச் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடுறேன்.

எங்க தோட்டத்துக்கு இரத்தோட்டையில பஸ் ஏறி முக்கா மணித்தியாலம் வரணும். மேல தேயில, கீழ மொளகும் கராம்பும். நாலாம் லயத்து வரிசையில எனக்கு அஞ்சாவது காம்பரா, நந்தினிக்கு ஆறாவது. நடுவுல ஒரு செவருதான். அவ வீட்டுல கருவாடு பொரிச்சா என் வீட்டுல சோறு எறங்கும். அவ புருசன் செல்லச்சாமி தேயில பெக்டரியில வேல. அதிகம் பேசாத மனுசன். மகன் கிஷாந்த் கொழும்புல புடவக்கடையில நிக்கிறான். அவன் பொண்டாட்டி சர்மிளா மாத்தளை டவுன் புள்ள, கல்யாணமாகி மூணு வருசம். ரெண்டு தரம் உண்டாகி ரெண்டும் நிக்கல. மூணாவதா தங்கியிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு நந்தினி என்கிட்ட வந்து, “அக்கா, யாருக்கும் சொல்லிறாதீங்க”ன்னா. நான் ஒரு கிழம சொல்லாம இருந்தேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

நந்தினியும் கொழுந்தெடுத்தவதான். போன எலெக்சன்ல பொம்பளைங்களுக்கு எடம் குடுக்கணும்னு கட்சிக்காரங்க ஆள் தேடினப்ப, பயப்படாமப் பேசுறவ இவதான்னு பேரக் குடுத்துட்டோம். கொஸ்கஹதென்ன பிரதேச சபைக்கு மெம்பரானா. ஓட்டுக் கேட்டுப் போன எடமெல்லாம் அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: நல்ல தண்ணி. அதுக்குக் காரணமும் இருந்துச்சு.

அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு ஐப்பசி மழையில எங்க லயத்துல பதினாலு பேருக்குக் கண்ணு மஞ்சளாப் போச்சு. ரெண்டு பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் தண்ணி கமிட்டித் தலைவர் அழகுமுத்துவோட கூடப்பொறந்த அண்ணன். எங்களுக்குக் குடிதண்ணி மூங்கிலூத்துல இருந்து வருது. ஊத்து வாயை மூடி சிமெந்துத் தொட்டி கட்டியிருக்கு, தொட்டியில இருந்து லயத்துக் கொழாய்க்குப் பைப்பு. ஊத்துக்கு மேல மரம் வெட்ட வந்தவனுங்க கக்கூஸ் குழி தோண்டியிருந்தானுங்க. மழையில அது கரைஞ்சு தண்ணியில எறங்கிருச்சு. அதுக்கப்பறம்தான் சபையில சட்டம் போட்டாங்க. கெசட்டுல அதுக்கு என்ன பேரோ, நாங்க தண்ணிச் சட்டம்னு சொல்லுவோம். ஊத்தச் சுத்தி நூறடிக்குள்ள யாரும் பயிர் செய்யக் கூடாது, கொட்டில் போடக் கூடாது. தொட்டிக்கு கமிட்டி குளோரின் பவுடர் போடணும். மாசத்துக்கு ஒருக்கா சுகாதாரப் பரிசோதகர், அதான் பி.எச்.ஐ., வந்து போத்தல்ல தண்ணி பிடிச்சு சோதனைக்கு அனுப்புவாரு. கெட்டிருந்தா கொழாய்க்குப் பூட்டுப் போட்டு செவப்பு போர்டு மாட்டுவாரு. மறுபடி ரெண்டு போத்தல் நல்லதா வந்தாத்தான் பூட்டு தொறக்கும்.

நல்ல சட்டம்தான். நாலு வருசம் ஒருத்தருக்கும் கண்ணு மஞ்சளாகல. ஆனா அந்த குளோரின் வாசத்த எங்க சனத்துக்குப் பிடிக்கல. தேத்தண்ணிய வாய்கிட்ட கொண்டு போனா ஆஸ்பத்திரி வார்டுல ஒக்காந்து குடிக்கிற மாதிரி இருக்கும். நானே எத்தன தரம் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கீழ ஊத்தியிருக்கேன்.

பங்குனியில மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாங்க. கரகச் செம்ப நெறச்சுப் பாலிக்கிறது மூங்கிலூத்துல. ஊத்து வாய்தான் தொட்டிக்குள்ள போயிருச்சே, அதனால கரகச் செம்புக்குத் தண்ணி தொட்டியில இருந்துதான் எடுக்கணும். காப்புக் கட்டின அன்னைக்கு சாயந்தரம் கோயில் முன்னுக்கு வச்சு அழகுமுத்து கேட்டாரு.

“ஏங்க, ஆத்தாவுக்கு மருந்துத் தண்ணியிலயா கரகம் சோடிக்கிறது? தீர்த்தம்னு சனத்துக்கு குளோரினையா குடுக்கிறது?”

“வேணாம் வேணாம்”னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். நானும் சொன்னேன். நந்தினியும் அங்கதான் நின்னா. வாயத் தொறக்கல, ஆனா தலைய ஆட்டினா, நான் கண்ணால பாத்தேன். பதினஞ்சு நாளு தொட்டிக்கு ஒரு கரண்டி பவுடர் போடல. தேத்தண்ணி தேனா இருந்துச்சு. வீட்டுக்கு வீடு ஒறமுறை, சோறு, பாயாசம். கொழும்புல இருந்து வந்தவங்க எல்லாம் “ஒங்க தோட்டத்துத் தண்ணிக்கு ஈடு வருமா”ன்னு குடிச்சிட்டு, போத்தல்லயும் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க.

தேர் சுத்தி முடிஞ்ச மூணாம் நாள் பி.எச்.ஐ. பஸ்லி சேர் வந்தாரு. போத்தல்ல தண்ணி பிடிச்சாரு. அடுத்த கிழம மோட்டார் சைக்கிள்ல பூட்டோட வந்து எறங்கினாரு.

“தண்ணி கெட்டுப் போய் இருக்கு. குளோரின் ஒழுங்காப் போட்டீங்களா?”

“போட்டோமே சேர். தவறாமப் போட்டோம்”னாரு அழகுமுத்து.

பஸ்லி சேர் நந்தினியப் பாத்தாரு. “மெம்பர், நீங்க சொல்லுங்க.”

அவ அழகுமுத்துவப் பாத்தா, என்னப் பாத்தா, கோயில் கோபுரத்தப் பாத்தா. “கமிட்டி சொன்னா சரிதான் சேர்”னா. அந்த மனுசன், குளோரின் போட்டும் கெட்டுப் போச்சுன்னா ஊத்துலதான் கோளாறுன்னு நெனச்சு, மலையெல்லாம் ஏறி எறங்கி என்னமோ தேடினாரு. பாவம். உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா பவுடரப் போட்டு ரெண்டே கிழமையில முடிச்சிருக்கலாம். எங்களுக்கு வெக்கம். சாமி காரியத்த வேற மதத்துக்காரர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ஒரு தயக்கம் வேற.

கொழாய் பூட்டிக் கெடந்தது ரெண்டரை மாசம். அழகுமுத்து திரும்பப் பவுடர் போட்டாரு, ஆனா மொத போத்தலும் கெட்டுத்தான் வந்துச்சு, பைப்புல தங்கினது போகலன்னாங்க. மழையும் இல்ல. சபையோட தண்ணி பவுசர் கிழமைக்கு ரெண்டு தரம் வரும், வீட்டுக்கு நாலு வாளி. மிச்சத்துக்குப் பள்ளத்தோடைக்கு எறங்கணும். எறங்குறது சுகம். நெறகுடத்த இடுப்புல வச்சுக்கிட்டு நூத்தெண்பது படி ஏறுறப்ப உசிரு போய் உசிரு வரும். பொம்பளைங்க நாலரைக்கு எழும்பி ஒரு நடை, வேல விட்டு வந்து ரெண்டு நடை. காலையில பேர் குடுக்கிற பிரட்டுக்கு சொணங்கிப் போனா அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான் விழும். புள்ளக் காம்பராவுல புள்ளைங்களுக்கு குண்டி கழுவத் தண்ணியில்லாம நான் பட்ட பாட்ட என்னன்னு சொல்ல!

சர்மிளாவுக்கு அப்ப மூணு மாசம். கிளினிக்ல மிட்வைப் கறாராச் சொல்லியிருந்தா, ரெண்டு தரம் கலைஞ்ச ஒடம்பு, ஒரு செம்புக்கு மேல தூக்கப்படாதுன்னு. அவளுக்கும் சேத்து நந்தினி தூக்குவா. காலையில மூணு நடை, பகல்ல சபை வேலன்னு பஸ்ல போவா, வந்து மூணு நடை. மெம்பர் சேலையோட குடத்தத் தூக்கிக்கிட்டுப் படியேறுறவள அன்னைக்கு நான் பகிடி பண்ணினேன். “என்ன மெம்பரம்மா, சபையில ஒனக்கு ஏசி, இங்க ஓடையா?”ன்னு. சிரிச்சா. சிரிக்க மூச்சில்ல.

மாமியார் இப்பிடி மூச்சு வாங்குறதப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்க அந்தப் புள்ளைக்கு மனசு வரல. ஒருநா நாங்க எல்லாம் வேலையில இருக்கிறப்ப சின்ன குடத்த எடுத்துக்கிட்டு எறங்கிட்டா. பாதி ஏறுறப்ப கால் வழுக்கி ஒக்காந்துட்டா. நான் புள்ளைங்களுக்கு ரொட்டி குடுத்துக்கிட்டு இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். பாவாடையில ரத்தம் பட்டிருந்துச்சு.

“அக்கா, போச்சா அக்கா? இதுவும் போச்சா?”ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. ஐயோ, அந்த மொகத்த இன்னைக்கும் என்னால மறக்க முடியல.

போகல. ஆஸ்பத்திரியில எட்டு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க, அசையப்படாதுன்னு. அந்த எட்டு நாள்ல எனக்கு ஏறின கோவம்! யார் மேல கோவப்படுறது? சாமி மேல முடியாது, அழகுமுத்து மேல முடியாது, அவரு செஞ்சதுக்கு நாங்களும் தலையாட்டினவங்க. செவப்பு போர்டு மேல கோவப்பட்டேன்.

அந்த நேரம் பாத்துத்தான் யோகேந்திரன் மொதலாளி வந்தாரு. அவரும் சபை மெம்பர், டவுன்ல வாசனச் சரக்குக் கடை. ஊத்துக்கு மேல இருக்கிற காணிய குத்தகைக்கு எடுத்து போஞ்சியும் தக்காளியும் போட்டிருந்தாரு. சட்டத்தால நூறடி தள்ளித்தான் போட முடிஞ்சுது. நல்ல தண்ணி ஓடுற நெலம் சும்மா கெடக்குதேன்னு அவருக்கு வயித்தெரிச்சல். லயத்துக்கு வந்து எங்களோட ஒக்காந்து வெறுந்தேத்தண்ணி குடிச்சாரு, சர்க்கரையக் கடிச்சுக்கிட்டே.

“அம்மாமார்களே, இந்தச் சட்டம் யாருக்கு? கொழாயிருந்தும் பொம்பளைங்க பள்ளத்துல எறங்குறதுக்கா? நான் வர்ற வெள்ளிக்கிழம சபையில தீர்மானம் கொண்டு வர்றேன், தண்ணிச் சட்டத்த எடுத்துரணும்னு. பதினஞ்சு பேர்ல ஏழு பேர் என் பக்கம். ஏழு பேர் அந்தப் பக்கம். ஒங்க மெம்பர் ஒரு கை தூக்கினா அன்னைக்கே பூட்டு ஒடையும். சபைத் தலைவரே சொல்லிட்டாரு, கெசட்டு கிசட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு.”

அவருக்கு என்ன லாபம்னு எங்களுக்குத் தெரியாமயில்ல. நாங்க என்ன பச்சப் புள்ளைங்களா? தெரிஞ்சும், பூட்டு ஒடைஞ்சா போதும்னு இருந்துச்சு. நான்தான் எழுதுற கொப்பியில தாள் கிழிச்சு, ‘எங்கள் கொழாயைத் திறக்க மெம்பர் கை தூக்க வேண்டும்’னு எழுதி, நாலு லயத்துக்கும் நடந்து கையெழுத்து வாங்கினேன். எழுபத்தொம்பது கையெழுத்து, கைநாட்டெல்லாம் சேத்து. அந்தத் தாள நந்தினி கையில குடுத்தப்ப பெருமையா வேற இருந்துச்சு. நான் ஒரு மண்டு.

வியாழக்கிழம சாயந்தரம் அவ வீட்டு வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து ஈரப்பலாக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். பஸ்லி சேர் போன் எடுத்தாரு. நந்தினி போன ஸ்பீக்கர்ல போட்டா.

“மெம்பர், போன போத்தல் நல்லதா வந்திருக்கு. ரெண்டாவது ரிசல்ட் இன்ஷா அல்லாஹ் திங்கக்கிழம வந்துரும். அதுவும் நல்லதுன்னா நானே வந்து பூட்டத் தொறப்பேன். மூணு நாள் பொறுங்க. சட்டத்த எடுத்துராதீங்க. எடுத்துட்டா திரும்பக் கொண்டு வர்றது லேசில்ல.”

“கெட்டதுன்னு வந்தா சேர்?”

“வந்தா... இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

போன வச்சா. செல்லச்சாமி அப்பத்தான் வேல விட்டு வந்து தேயிலத் தூளோட நின்னாரு. “பூட்டத் தொறக்கத்தானே கேக்குற? சட்டம் அது பாட்டுக்கு இருக்கட்டுமே. பூட்ட மட்டும் தொறக்கச் சொல்லிக் கேளு”ன்னாரு.

“நான் கேக்காமலா? பூட்டுறதே சட்டத்துலதான் இருக்காம். எடுக்கிறதுன்னா மொத்தமா எடுக்கிறதுதான்னு மொதலாளி சொல்றாரு.”

“மொதலாளி சொல்றாரு!”ன்னுட்டு அவரு உள்ளுக்குப் போயிட்டாரு. அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும்.

“மூணு நாளாம், மூணு நாள்! ரெண்டரை மாசமா இதத்தான் சொல்றாங்க”ன்னேன் நான். “இந்தத் தரமும் கெட்டதுன்னு வந்தா? திரும்ப இவ பள்ளத்துல எறங்குவா. நீ எத்தன நாள் காவல் இருப்ப?”

உள்ள கட்டில்ல படுத்திருந்த சர்மிளா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. “மாமி, தூக்கிருங்க மாமி”ன்னா. “எனக்கு அந்தப் படியப் பாக்கவே பயமா இருக்கு. ஒங்களுக்கும் முடியல. தூக்கிருங்க.”

நந்தினி நறுக்கின காயச் சட்டியில அள்ளிப் போட்டா. பலாக்காய்ப் பால் கைல பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு, தேங்காயெண்ண போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தா.

மறுநாள் நானும் லீவு போட்டுட்டு அவளோட சபைக்குப் போனேன். சனம் ஒக்கார்ற பெஞ்சுல ஒக்காந்தேன். தலைவர் சிங்களத்துல வாசிச்சாரு, தமிழ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. எதிர்க்கிறவங்க கை எண்ணினாங்க, ஏழு. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னாங்க. ஏழு கை மேல போச்சு. நந்தினி கை மேசையிலயே இருந்துச்சு. அவ திரும்பி என்னப் பாத்தா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘தூக்கு’ன்னு தலைய ஆட்டினேன். தூக்கிட்டா.

அன்னைக்கு சாயந்தரமே சபை ஆள் வந்து பூட்டக் கழட்டினான். அழகுமுத்து கொழாய்க்குத் தேங்காய் ஒடைச்சாரு. புள்ளைங்க எல்லாம் துணியக் கழட்டிப் போட்டுட்டுக் கொழாயடியில குதிச்சுதுங்க. நந்தினிக்கு யாரோ மால போட்டாங்க. சர்மிளாவ நாற்காலியில ஒக்கார வச்சுத் தூக்கிக்கிட்டு வந்து தண்ணி விழுறதக் காட்டினோம்.

திங்கக்கிழம பஸ்லி சேர் ஒரு தாளோட வந்தாரு. ரெண்டாவது போத்தலும் நல்லது. பூட்டத் தொறக்கலாம்னு அதுல எழுதியிருந்துச்சு. அவரு அத நந்தினி கையில குடுத்தாரு. நாங்க பொம்பளைங்க சிலபேர் சிரிச்சோம். “தொறந்து மூணு நாளாச்சு சேர், இப்பத்தான் வர்றீங்களா?”ன்னு. நந்தினி மட்டும் சிரிக்கல. அந்தத் தாளத் திரும்பத் திரும்ப வாசிச்சா.

அப்பறம் கேக்க ஆளில்லாமப் போச்சு. அழகுமுத்து பவுடர் போடுறத விட்டாரு. தேத்தண்ணி திரும்பத் தேனாச்சு. மொதலாளியோட போஞ்சிப் பாத்தி மாசத்துக்கு மாசம் கீழ எறங்கி வந்துச்சு. புரட்டாதியில ஊத்துக்கு இருபதடி மேல வேலையாளுங்களுக்குக் கொட்டில் போட்டாங்க, பக்கத்துல தென்னங்கெடுகு மறைப்பு வச்சு ஒரு கக்கூஸ் குழி. நந்தினி போய்ச் சத்தம் போட்டா. “எந்தச் சட்டத்துல எடுக்கச் சொல்றீங்க மெம்பர்?”னு அங்க நின்னவன் கேட்டானாம். வந்து என்கிட்டச் சொல்லிட்டு, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு வீடு வீடாச் சொன்னா. சொன்னா யார் கேக்கிறா? கேஸ் விக்கிற வெலைக்குத் தேத்தண்ணிக்கே ரெண்டு தரம் யோசிக்கிறோம். அவ வீட்டுல கொதிக்க வச்சா. ஆனா வயித்துப்புள்ளக்காரிக்கு ஒடம்பெல்லாம் சூடு, கொதிச்ச தண்ணி குமட்டுதுன்னு, கொழாயடியில மொகம் கழுவப் போறப்ப ரெண்டு கை அள்ளிக் குடிச்சிருவா. நான் பாத்திருக்கேன். பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, குடிக்கட்டும் புள்ளன்னு விட்டேன்.

ஐப்பசி மழ பிடிச்சுது. அஞ்சு நாள் விடாம ஊத்துச்சு. மூணு கிழமை கழிச்சு மொதல்ல அழகுமுத்து மகனுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. அப்பறம் ரெண்டாம் லயத்துல நாலு பேர். அப்பறம் சர்மிளாவுக்கு. எட்டு மாசம் முடிஞ்சு ஒன்பது பொறந்திருந்துச்சு. மத்தவங்களுக்கு சும்மா வாந்தியும் காய்ச்சலும், பத்து நாள்ல எழும்பிட்டாங்க. வயித்துப்புள்ளக்காரிக்கு இந்த மஞ்சக்காமால எமனாம். பெரியாஸ்பத்திரியில டாக்குத்தர் சொன்னாரு. மூணு நாள் நெனவில்லாமக் கெடந்தா. அவள மீட்டுட்டாங்க. புள்ள ஆம்பளப் புள்ள. மூச்சில்லாமப் பொறந்துச்சு. நெறஞ்ச தலமயிரோட இருந்துச்சு. கொழும்புல இருந்து ஓடி வந்த கிஷாந்த் ஒரு துண்டுல சுத்தி வாங்கிக்கிட்டு, எங்களப் பாத்து, “அம்மாகிட்ட யாராச்சும் போங்க”ன்னு கத்தினான். நந்தினி வார்டு வாசல்ல நின்னவ அப்பிடியே தரையில ஒக்காந்துட்டா.

பதினாறாம் நாள் அவ ஒரு போத்தல்ல கொழாய்த் தண்ணிய பிடிச்சுக்கிட்டு பஸ்லி சேர்கிட்டப் போனா. நானும் கூடப் போனேன், ஒத்தையில விட மனசில்ல. அவரு வாங்கி வச்சுக்கிட்டாரு.

“நான் சோதிச்சுத் தர்றேன் மெம்பர். கெட்டிருக்குன்னு தெரியும், இருந்தாலும் எழுத்துல தர்றேன். கொதிக்க வச்சுக் குடிங்கன்னு நோட்டீஸ் ஒட்டுறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. கொழாயப் பூட்டவோ அந்தக் கொட்டில எடுக்கவோ எனக்கு அதிகாரம் குடுத்தது அந்தச் சட்டம்தான்.”

“சேர், பங்குனியில நாங்க குளோரின் போடல”ன்னா நந்தினி. “திருவிழாவுக்காக நிப்பாட்டினோம். நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்.”

அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. கரகத்துக்கு மட்டும் வேற பாத்திரத்துல ஊத்துத் தண்ணி பிடிச்சு வைக்க ஒரு வழி பண்ணியிருப்பேனே. நானும் எங்க பள்ளிவாசல் கந்தூரி பாத்து வளந்தவன்தானே.”

எனக்கு அங்கயே மண்டையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

நந்தினி சட்டத்தத் திரும்பக் கொண்டு வரணும்னு தீர்மானம் எழுதினா. நான் பழையபடி கொப்பித்தாளோட நாலு லயத்துக்கும் நடந்தேன். ஒருத்தரும் மொகத்துல அடிச்ச மாதிரிப் பேசல. “ஐயோ பாவம் மெம்பரு”ன்னாங்க, தேத்தண்ணி குடுத்தாங்க, கண்ணத் தொடச்சாங்க. கையெழுத்துன்னா, “திரும்பப் பூட்டுவாங்களா தங்கம்மாக்கா?”ன்னு கேட்டாங்க. தண்ணி கெட்டா பூட்டுவாங்கன்னு நான் சொன்னேன். “அப்ப யோசிச்சுச் சொல்றோம்”னாங்க. அழகுமுத்து மட்டும் பேனாவ வாங்கினாரு, வாங்கிட்டு அவரு பொண்டாட்டியப் பாத்தாரு, திருப்பிக் குடுத்துட்டாரு. அண்ணனப் பறிகுடுத்தவரு! நாலு லயத்துலயும் சேத்து அந்தத் தாள்ல என் கையெழுத்து ஒண்ணுதான்.

கடைசியா சர்மிளாகிட்டப் போனேன். பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் கல்லா இருக்குன்னு மல்லிகப்பூவ வச்சுத் துணியால இறுக்கிக் கட்டியிருந்தா. செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தவ தாள வாங்கி வாசிச்சா. நந்தினி அடுப்படியில நின்னா.

“மாமி, அன்னைக்கு நாந்தானே ஒங்கள தூக்கச் சொன்னேன்?”

“நீ சொன்னே. மெம்பர் நான்தானேடி”ன்னா நந்தினி.

“இது வந்தா திரும்பக் கொழாயப் பூட்டுவாங்களா?”

“தண்ணி கெட்டிருந்தா பூட்டுவாங்க. நான் தூக்கிக்கிறேன். நீ ஒரு செம்பு தூக்க வேணாம்.”

“அப்பிடித்தான் அப்பவும் சொன்னீங்க”ன்னா சர்மிளா. கோவமில்ல, ஒண்ணுமில்ல, சும்மா சொன்னா. “எனக்குத் திரும்ப உண்டானா, அந்தப் படியில எறங்க முடியாது மாமி. இது வேணாம்.” தாள மடிச்சு என் கையில குடுத்துட்டுத் திரும்பவும் செவத்தப் பாத்து ஒக்காந்துட்டா.

புள்ளையப் பறிகுடுத்தவளே அப்பிடிச் சொன்னா நாங்க என்ன பேச? அவ சொன்னதுல என்ன தப்பு? படியும் அங்கதான் இருக்கு, பள்ளமும் அங்கதான் இருக்கு. ஒரு கொட்டில எடுக்கச் சொல்லவும் ஒரு கரண்டி பவுடர் போடவும் துப்பில்லாம, பொம்பளைங்க இடுப்பையும் வயித்தையும் மட்டும்தானே நாங்க தராசுல வச்சுப் பாத்தோம்.

ஆனாலும் நந்தினி சபைக்குப் போனா. நான் அதே பெஞ்சுல ஒக்காந்தேன். அவ எழும்பித் தீர்மானத்த வாசிச்சா. “வழிமொழிய யாராவது இருக்காங்களா?”ன்னு தலைவர் கேட்டாரு. போன தரம் எதிர்த்துக் கை தூக்கின ஏழு பேரும் அங்கதான் இருந்தாங்க. ஒருத்தர் போனப் பாத்தாரு, ஒருத்தர் தண்ணி குடிச்சாரு. சனமே கையெழுத்துப் போடாததுக்கு அவங்க ஏன் ஓட்டக் கெடுத்துக்குவாங்க? யோகேந்திரன் மொதலாளி தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தாரு. தலைவர் ரெண்டாந்தரம் கேட்டாரு. மூணாந்தரம் கேட்டாரு.

“வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் விழுந்து போச்சு. மெம்பர், ஒக்காருங்க.”

நந்தினி ஒக்காரல. “சரி தலைவரே. நான் போன தரம் கை தூக்கினது பிழைன்னு கூட்டக் குறிப்புல எழுதிக்கிருங்க. அதால எங்க வீட்டுல ஒரு புள்ள செத்துச்சுன்னு எழுதிக்கிருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

தலைவர் நல்ல மனுசன்தான், அவரு கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. கிளார்க்கிட்டக் குனிஞ்சு கேட்டாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு. “தீர்மானமே இல்லன்னா பேச்ச எழுத முடியாது தங்கச்சி. முறை அப்பிடி. ஒக்காருங்க.”

திரும்பி வர்றப்ப பஸ்ல கூட்டமில்ல. அவ ஜன்னல் பக்கம் ஒக்காந்து மலையப் பாத்துக்கிட்டு வந்தா. நான் வாய மூடிக்கிட்டு வந்தேன், என் ஆயுசுலயே அவ்வளவு தூரம் பேசாம வந்தது அன்னைக்குத்தான். எங்க சந்தியில எறங்கினப்பறம்தான் கையப் பிடிச்சு நிப்பாட்டினா.

“அக்கா, சர்மிளா கேட்டா, தீர்மானத்த நானே வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க.”

“ஏன்டி அப்பிடி? நீ நின்னத, கேட்டத, அவளும் தெரிஞ்சுக்கட்டுமே.”

“வேணாம்க்கா. அந்தப் புள்ள பயந்துக்கிட்டுக் கெடக்கா.”

சொன்னேன். சர்மிளா கட்டில்ல எழும்பி ஒக்காந்து, “நெசமாவா? அப்ப பூட்ட மாட்டாங்கதானே?”ன்னு என்னத் திருப்பித் திருப்பிக் கேட்டா. மாட்டாங்கடி, இனி எப்பவும் பூட்ட மாட்டாங்கன்னேன். அன்னைக்குத்தான் அந்தப் புள்ள ஒரு கோப்பை சோறு முழுசாத் தின்னுச்சு. நந்தினி பக்கத்துல ஒக்காந்து பருப்ப ஊத்தி ஊத்திக் குடுத்தா.